தக்கோலத்து இளவரசருக்கு முகம் தேடும் ரசிகர்கள்

அரக்கோணத்தில் மின்ரயில் ஏறினால், சென்னை போய்ச் சேர்வதற்குள் ஒரு சோழப் பேரரசையே நடிகர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் நம் கல்லூரிப் பிள்ளைகள். சில நாள் முன்பு எதிர் இருக்கையில் மூன்று பேர். 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' என்ற முன்கதைத் தொடரில் ஆரம்பித்த பேச்சு, திருவாலங்காடு வருவதற்குள் 'பொன்னியின் செல்வ'னுக்குத் தாவிவிட்டது. "அதுக்கு மட்டும் முன்கதை எடுக்கிறாங்க, இதுக்கு எடுத்தா என்னடா?" என்றான் ஒருவன். "எடுத்தா ராஜாதித்தர் யாரு?" என்றான் அடுத்தவன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் அதுவரை வாயே திறக்கவில்லை. "தம்பி, அவர் செத்த சண்டை நடந்தது நம்ம தக்கோலத்துலதாம்பா" என்றார். மூன்று பேரும் செல்போனைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பெரியவர் சொன்னது சரி. அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ரயில் பாதையில் வரும் தக்கோலத்தில்தான் 949ஆம் ஆண்டு சோழரும் இராட்டிரகூடரும் மோதினார்கள். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே உயிர்விட்டான். 'பொன்னியின் செல்வன்' கதையில் தஞ்சை அரண்மனையை அலைக்கழிக்கும் வாரிசுச் சிக்கல் இந்தச் சாவிலிருந்து கிளைத்ததுதான். பட்டத்துக்கு உரிய மூத்தவன் போனான். தம்பி கண்டராதித்தன் அரியணை ஏறினான். அவனுக்குப் பின் அடுத்த தம்பி அரிஞ்சயன், அரிஞ்சயனுக்குப் பின் அவன் மகன் சுந்தர சோழன். கண்டராதித்தனின் மகன் மதுராந்தகன் மனக்குறையோடு காத்திருந்தான். கல்கி கதையைத் தொடங்கும் வீரநாராயண ஏரியும் இராஜாதித்தன் தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டியது என்றே நாவல் சொல்கிறது. ஆக, 'பொன்னியின் செல்வ'னுக்கு ஒரு முன்கதை உண்டு என்றால் அது அரக்கோணம் தாலுகாவில்தான் கிடக்கிறது.

முன்கதை என்பது, வந்துவிட்ட கதைக்கு முந்திய காலத்தைப் பிறகு சொல்வது. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. கல்கி 'பார்த்திபன் கன'வை முதலில் எழுதினார். அதில் நரசிம்மவர்மர் முதிர்ந்த சக்கரவர்த்தி. 1944இல் தொடங்கிய 'சிவகாமியின் சபத'த்தில் அவரே காதல் வயப்பட்ட இளைஞராக வருகிறார். முடிவு தெரிந்த மனிதரின் தொடக்கத்தைப் பார்ப்பதில் ஒரு தனி வலி இருக்கிறது. சோழர் கதையில் அந்த வலி பெயரிலேயே ஏறிவிட்டது. கல்வெட்டுகள் இராஜாதித்தனை 'யானைமேல் துஞ்சின தேவர்' என்கின்றன. அரிஞ்சயன் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. சாவைப் பெயராகச் சுமந்துகொண்டு திரையில் நுழையும் பாத்திரங்கள் இவர்கள். அந்தப் பெயர் தெரிந்த பார்வையாளருக்கு, இராஜாதித்தன் முதன்முதலாக யானை மேல் ஏறும் காட்சியே நெஞ்சை அடைக்கும். அந்த முகம் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

யார் நடிப்பது என்ற சண்டை நமக்கு மிகப் பழையது. நாவல் 1950இல் 'கல்கி' இதழில் தொடராக வரத் தொடங்கியபோதே மணியத்தின் ஓவியங்கள் பாத்திரங்களுக்கு முகம் கொடுத்துவிட்டன. அதற்குப் பிறகு வந்த நடிகர்கள் எல்லாரும் அந்தக் கோடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1958இல் எம்.ஜி.ஆர். பத்தாயிரம் ரூபாய்க்கு உரிமை வாங்கி, வைஜெயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, ஜெமினி கணேசன் என்று பெரிய பட்டியலோடு படத்தை அறிவித்தார், அது நடக்கவில்லை. 1999இல் மேஜிக் லேன்டர்ன் குழு சென்னை நந்தனத்தில் நாடகமாகவே நடத்திக் காட்டியது. கடைசியில் மணிரத்னத்தின் படம் 2022, 2023இல் இரண்டு பாகமாக வந்தபோது, கார்த்தியை வந்தியத்தேவனாக ஏற்றுக்கொண்ட வீடுகளிலேயே மற்றவர்களைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. முதல் பாகம் வந்த 2022 செப்டம்பர் 30க்கு ஒரு மாதம் முன்புதான் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடங்கியிருந்தது. உலகம் முழுக்க அந்தத் தொடர் ரசிகர்களும் அதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தொடரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஜார்ஜ் மார்ட்டின் அதன் மூலநூலை நாவலாக எழுதவில்லை. ஒரு வரலாற்றாசிரியர் பல சாட்சிகளைத் தொகுத்த ஏடு போல எழுதினார். ஒரே சம்பவத்தைக் குருவானவர் ஒரு மாதிரி சொல்வார், அரசவைக் கோமாளி வேறு மாதிரி சொல்வார். தொடர் எடுத்தவர்கள் எந்தச் சாட்சியை நம்புவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. இளவரசி ரெனீராவின் கணவன் லேனார் நூலில் கொலையுண்டவன், தொடரில் உயிரோடு தப்பிப் போகிறான். யாரை நடிக்க வைப்பது என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதிதான். இளவரசி ரெனீராவுக்கு மில்லி ஆல்காக், பிறகு எம்மா டார்சி என்று இரண்டு பேரைப் போட்டதைக் கண்டு முதலில் முகம் சுளித்தவர்கள் பலர். ஆண்டுகள் தாவும் கதைக்கு அது தேவையாக இருந்தது.

தக்கோலத்துக்கும் இரண்டு சாட்சி உண்டு. சோழர் தரப்பில் ஆனைமங்கலச் செப்பேடு. லைடன் செப்பேடு என்றால் பலருக்குத் தெரியும். கிருஷ்ணராஜனின் (இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன்) கூரிய அம்புகள் இராஜாதித்தனின் நெஞ்சைப் பிளந்தன, அவன் விண்ணுலகம் போனான் என்கிறது அது. எதிர்த்தரப்பில் மண்டியா பக்கத்து ஆதகூர் கல்வெட்டு. கன்னடத்தில் உள்ள அந்தக் கல்லோ, இராட்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைக் கொன்றான் என்கிறது. தூரத்திலிருந்து வந்த அம்பா, மேலே பாய்ந்து ஏறியவனின் வாளா? முதலாவது என்றால் எதிரியின் முகம் நமக்குக் கிட்டத்தில் தெரியவே வேண்டாம். இரண்டாவது என்றால் பூதுகனுக்குப் பெரிய நடிகர் வேண்டும். இருவரும் ஒரு கை நீளத்தில் கண்ணோடு கண் பார்க்கும் காட்சி வேண்டும். நான் கன்னடக் கல்லின் பக்கம். அம்பாரிக்குள் நடந்த சண்டை அவ்வளவு எளிதாகக் கற்பனை செய்து எழுதிவிடக்கூடியது அல்ல.

அந்தக் கல்லை இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். போரில் பூதுகனுக்குத் துணை நின்ற வீரன் மணலேரன். மெச்சிய மன்னன் வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் ஊரும் கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டைநாயைக் கேட்டான். ஊர் திரும்பியபின் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. கல்லின் சிற்பத்தில் நாயும் பன்றியும் கட்டிப் புரள்கின்றன. அந்தக் கல்லுக்கு நிலம் விட்டார்கள். பூசை செய்யாமல் பூசாரி உண்ணக் கூடாது என்றும் விதித்தார்கள். சோழ இளவரசன் விழுந்த செய்தி ஒரு நாயின் நினைவுக்கல்லில் தங்கியிருக்கிறது. டிராகன்களுக்கு நாம் ஏங்க வேண்டியதே இல்லை.

வில்லன் யார் என்பதிலும் அவசரப்படக் கூடாது. மூன்றாம் கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்' என்ற பெயரில் நம் வடமாவட்டக் கோயில்களில் தமிழிலேயே கல்வெட்டு விட்டுச் சென்றவன். பராந்தகனிடம் நாட்டை இழந்த வாணர்கள் அவனிடம்தான் அடைக்கலம் போனார்கள். கல்கியின் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். அப்படியானால் முன்கதையில் அவன் பாட்டன்மார் எதிரி முகாமில் நிற்பார்கள்! கார்த்தியின் ரசிகர்கள் இதற்குத் தயாராகிக்கொள்வது நல்லது. படத்தில் ஜெயசித்ரா முதியவராக நடித்த, கண்டராதித்தனின் மனைவி செம்பியன் மாதேவி இங்கே இளம்பெண்ணாக வர வேண்டும், புதுமுகம்தான் பொருத்தம். எல்லையோர ஊர்களில் தெலுங்குப் படத்துக்கும் சம மரியாதை உண்டு என்பதால் 'பாகுபலி' முன்கதைத் தொடரையும் பிள்ளைகள் இழுத்தார்கள். 2018இல் அறிவிக்கப்பட்டு, இளம் சிவகாமியாக நடிக்க ஆளும் தேடி, வெளிவராமலே போன தொடர் அது.

எனக்கு இவர்கள் எல்லாரையும்விட முக்கியமான வேடம் ஒன்று உண்டு. இராஜாதித்தனின் படைத்தலைவனாகத் திருமுனைப்பாடியில் இருந்த கேரளத்துக்காரன் வெள்ளன் குமரன். அங்கே கிராமம் என்ற ஊரில் சிவனுக்குக் கற்றளி எடுத்தவன். தக்கோலத்தில் இளவரசன் விழுந்தபோது உடன் சாக முடியாமல் போன ஒரு கேரள நண்பன் துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற மடாதிபதியானதை அவ்வூர்க் கல்வெட்டு சொல்கிறது. இருவரும் ஒருவரே என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். இந்த வேடத்துக்கு அழகும் வேண்டாம், வீரமும் வேண்டாம். தாமதமாக வந்து சேர்ந்தவனின் கண்கள் வேண்டும்.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். "அந்தக் கல்வெட்டு இன்னும் இருக்கா சார்?" என்றான் ஒருவன். சென்ட்ரலில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி மாறினால் திருவொற்றியூர் என்றேன். இன்னொன்றும் சொன்னேன்: நண்பனுக்காகத் துறவியானவரின் அந்தக் கல்லில் போட்டிருக்கும் ஆட்சியாண்டு சோழனுடையது அல்ல, கன்னரதேவனுடையது.