'இப்ப என்ன படிக்கிறீங்க?' - தாம்பரம் பக்கம் கைமாறும் புத்தகங்கள்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி சென்னை கடற்கரை நிலையத்தில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தினமும் வேலைக்குப் போய் வருபவருக்கு, போக ஒன்று, வர ஒன்று என இரண்டு மணி நேரம். உட்கார இடம் கிடைத்துவிட்டால், நடுத்தரமான ஒரு நாவலை ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். படிக்க நேரமில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் இல்லாதது நேரம் அல்ல. `இதைப் படிங்க, உங்களுக்குப் பிடிக்கும்' என்று சொல்ல ஓர் ஆள்தான்.

தைத்து வைத்த தொடர்கதைகள்

ஒரு காலத்தில் அந்த ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டு செய்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. 1950 முதல் 1954 வரை `கல்கி' இதழில் வந்த `பொன்னியின் செல்வன்' அப்படித்தான் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்து சேர்ந்தது. முதல் பாகத்தைக் கொடுத்தவர், அடுத்த பாகம் கேட்டு வருபவருக்காகக் காத்திருப்பார். 2022, 2023-ல் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது, அலமாரியில் தூங்கிய அந்த ஐந்து பாகங்களுக்கும் மறுபடி கிராக்கி வந்தது.

ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள்

ஆனால், எல்லோருக்கும் ஐந்து பாகம் சரிப்படாது. பல வருடங்களாகப் புத்தகத்தைத் தொடாதவரிடம் அதை நீட்டினால், மலைப்பில் முதல் அத்தியாயத்திலேயே மூடிவைத்துவிடுவார். அவருக்கு ஒரு பயணத்தில் ஒன்றோ இரண்டோ முடிந்துவிடுகிற சிறுகதைகள்தாம் பொருத்தம். 2021-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற அம்பையின் `சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' தொகுப்பிலிருந்து தொடங்கலாம்.

தென்சென்னைப் புறநகர்க்காரர்களுக்கென்றே சொல்லத்தக்க ஒரு நாவலும் உண்டு. தன் கடைசிக் காலத்தில் வேளச்சேரியில் வசித்த அசோகமித்திரன் எழுதிய `தண்ணீர்'. சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாட்டில் அல்லாடும் பெண்களின் கதை. 2015 டிசம்பரில் முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கும், கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பவர்களுக்கும் இந்தச் சின்ன நாவலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சில புத்தகங்களை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுப்பதே நல்லது. 2020-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற இமையத்தின் `செல்லாத பணம்', தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகளையும், வாசலில் தவிக்கும் குடும்பத்தையும் பற்றியது. அண்மையில் வீட்டில் இழப்பைச் சந்தித்தவரிடம், `இது மனசைக் கனக்க வைக்கும். இப்போதே படிக்கணும்னு இல்லை' என்று சொல்லிவிடலாம்.

1931 - ஒரே ஆண்டில் மூன்று!

ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற வாசகர். இந்த எண்ணத்தை ஒரு துறையின் அடிப்படை விதியாகவே மாற்றியவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அவர், நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய தன் நூலை வெளியிட்டது 1931-ல். அதே ஆண்டில்தான் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சென்ற நடமாடும் நூலகம் தொடங்கியது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1931-ல்தான். அன்று மாட்டு வண்டி புத்தகத்தை வாசகரிடம் கொண்டுபோனது. இன்று வாசகர் ரயிலில் இருக்கிறார்; கையில் புத்தகம்தான் இல்லை.

நீங்கள் ஏற்கெனவே கட்டிய பணம்

பரிந்துரை இங்குதான் பாதி வழியில் நின்றுபோகிறது. நல்ல புத்தகம் என்று தோழி சொல்கிறார். விலையைப் பார்த்ததும் `அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தோன்றுகிறது. பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, மளிகை என்று கணக்குப் போடும் குடும்பத்தில் முதலில் வெட்டு விழுவது புத்தகத்துக்குத்தான்.

அதே குடும்பம் நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை. 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் 10 சதவிகிதம் நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. சொந்த வீட்டுக்காரர் நேரடியாகக் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவருக்கு அது வாடகைக்குள் அடங்கிவிடுகிறது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி, 70 வார்டுகள் கொண்டது. இத்தனை வார்டுகளிலிருந்தும் வரி போகிறது. பக்கத்துக் கிளை நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால்தான் பலர் யோசிக்கிறார்கள்.

சிறிய வைப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டினால் உறுப்பினராகிவிடலாம். தேடும் புத்தகம் இல்லாவிட்டால், நூலகரிடம் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் கேட்டால் அது தனிப்பட்ட ஆசை. வாசகர் வட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது ஊரின் தேவை.

நீங்களும் தொடங்கலாம்

அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, தினமும் ஏறும் ரயில் பெட்டியிலோ நாலு பேர் சேர்ந்தால் போதும். ஒரு நோட்டில் புத்தகத்தின் பெயர், கொடுத்தவர், வாங்கியவர், தேதி என்று எழுதி வையுங்கள். இது முக்கியம். கொடுத்தவர் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுவார், வாங்கியவர் மறந்துவிடுவார். கைமாறும் புத்தகப் பழக்கம் பல இடங்களில் நின்றுபோவது இதனால்தான்.

பெரிய விமர்சனமெல்லாம் வேண்டாம். `ஏன் பிடிச்சது, யாருக்குப் பிடிக்கும்' என்று இரண்டு வரி சொன்னால் போதும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கையோடு போகாமல், உங்கள் அலமாரியிலிருந்து ஒன்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.