சுக்கான் பிடிக்கும் கணிப்பொறிகள்

திருப்புல்லாணிக்குத் தெற்கே சேதுக்கரையில் நின்று, கடலில் போகும் வள்ளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? சுக்கான் பிடிப்பவர் ஒரு முறை திசையைத் திருப்பிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. காற்று ஒரு பக்கம் தள்ளும். நீரோட்டம் மறுபக்கம் இழுக்கும். போக வேண்டிய திசைக்கும் போய்க்கொண்டிருக்கும் திசைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஓயாமல் திருத்திக்கொண்டே வருவார். இவருக்குக் கிரேக்க மொழியில் 'குபர்நேட்டீஸ்' என்று பெயர். ('கவர்னர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான்!) 2014ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் வெளியிட்ட ஒரு மென்பொருளுக்கும் இதே பெயர். பல கணிப்பொறிகளை ஒன்றாகச் சேர்த்து இயக்குவது அதன் வேலை.

எதற்குப் பல கணிப்பொறிகள்? 2021 ஏப்ரல் 28ஆம் நாள் 18 வயது நிரம்பியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசிப் பதிவு தொடங்கியது. திருப்புல்லாணியிலும் தில்லியிலும் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் தட்டினார்கள். நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் குவிந்தன. இதை ஒரு கணிப்பொறி தாங்குமா? தாங்கினாலும், அது நின்றால் எல்லாமே நின்றுவிடும். தடுப்பூசிச் சான்றிதழ்களை உருவாக்கிய 'டிவாக்' என்ற மென்பொருள், குபர்நேட்டீஸின் மேல் இயங்குமாறு அமைக்கப்பட்டதுதான். நமக்கு எதிர்க்கரையான இலங்கையும் அதைப் பயன்படுத்தியது.

சரி, ஒரு கணிப்பொறியில் ஓடும் நிரல் இன்னொன்றில் ஓடாமல் முரண்டு பிடிக்குமே? துறைமுகத்திலும் இதே தொல்லை இருந்தது. மூட்டை, பீப்பாய், பெட்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி இறக்கினார்கள். 1956இல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் ஒரே மாதிரியான 58 அலுமினியப் பெட்டிகளை ஏற்றிச் சென்றது. அதுவே கன்டெய்னர் யுகத்தின் தொடக்கம். கணிப்பொறியிலும் அப்படியே. நிரலையும் அதற்குத் தேவையான துணை நிரல்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டால், எந்தச் சர்வரிலும் இறக்கி ஓட்டலாம்.

இந்தக் கன்டெய்னர்களை மேய்ப்பதுதான் குபர்நேட்டீஸ். "இந்த நிரலின் 3 பிரதிகள் எப்போதும் ஓட வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். எங்கே, எப்படி என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஓடுவது 2 ஆகக் குறைந்தால் ஒன்றைக் கூட்டும். 4 ஆனால் ஒன்றை நிறுத்தும். இஸ்திரிப் பெட்டியில் வெப்பநிலையைக் காக்கும் தெர்மோஸ்டாட்டும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆனால் நிரலிலேயே பிழை இருந்தால் இது திருத்தாது. அந்தப் பிழையையும் சிரத்தையாக மூன்று பிரதிகள் ஓட்டும்!

சுக்கான் பிடிக்கும் கணிப்பொறியே பழுதானால்? அதற்கும் துணை வேண்டும். இரண்டு வைக்கலாமா? அவற்றை இணைக்கும் கம்பி அறுந்தால், "மற்றது செத்துவிட்டது" என்று இரண்டுமே நினைக்கும். ஒரே வள்ளத்தில் இரண்டு பேர் எதிரெதிராகச் சுக்கானைத் திருப்பினால் என்ன ஆகும்? ஆகவே 3 வைக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவை ஒப்புக்கொண்டால்தான் முடிவு செல்லும். மூன்றில் ஒன்று போனாலும் இரண்டு பெரும்பான்மை. நான்கு வைத்தால் இரண்டை இழக்கலாமா? கணக்கிட்டுப் பாருங்கள்: நான்குக்குப் பெரும்பான்மை 3. ஒன்றைத்தான் இழக்கலாம். நான்காவது வீண்! இரண்டை இழக்க வேண்டுமானால் 5 தேவை.

பள்ளியில் மூன்று பழைய கணிப்பொறிகள் கிடைத்தால், 'கே3எஸ்' என்ற இதன் சிறிய வடிவத்தை ஆசிரியர் துணையோடு இலவசமாக நிறுவலாம். ஒன்று சுக்கானுக்கு, மற்ற இரண்டும் வேலைக்கு. பிரதிகள் ஓடும்போது வேலைக் கணிப்பொறி ஒன்றின் இணைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அது காணாமற்போனதாகக் குறிக்கப்படும். ஆனால் மாற்றுப் பிரதிகள் உடனே எழா. கம்பி மறுபடி சேரக்கூடும் என்று சுமார் ஐந்து நிமிடம் காத்திருக்கும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.