வக்கீலே வேண்டாம் என்ற வக்கீல்!

என் இளைய மகனுக்குப் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. சட்டைக்குப் பட்டன் போடக் கூட இன்றும் நான்தான் வேண்டும். போன வருடம் அவனுக்கு 18 வயது முடிந்தது. அவன் பெயரில் என் மாமனார் போட்டிருந்த டெபாசிட் முதிர்ந்ததும் வங்கிக்குப் போனேன். "பையன் இப்போ மேஜர். நீங்க கையெழுத்துப் போட முடியாது. லீகல் கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வாங்கம்மா" என்று சொல்லி விட்டனர். பெற்ற தாய்க்கே சர்டிபிகேட்டா என்று அழுகையாக வந்தது.

கணவர் காலமாகி ஆறு வருடமாகிறது. தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். கோர்ட், கேஸ், இரண்டு வருஷம் என்று பயமுறுத்தி, முன்பணமாக நாற்பதாயிரம் ரூபாய் கேட்டார். வளையலை அடகு வைக்க யோசித்த போது, பக்கத்து வீட்டு அக்கா, "ஜில்லா கோர்ட்டுல இலவச சட்ட உதவி ஆபீஸ் இருக்குடி. ஒரு எட்டு போயிட்டு வா" என்றார்.

1987ம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அங்கு இலவச உதவி உண்டு. அங்கிருந்த பெண் வக்கீல், மகனைப் பற்றி எல்லாம் விசாரித்து விட்டு, "இதுக்கு வக்கீலே வேண்டாம்மா" என்றாரே பார்க்கலாம்!

1999ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயது கடந்ததும், கலெக்டர் தலைமையிலான குழுவே கார்டியனை நியமிக்கிறது. கலெக்டர் ஆபீசில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்தேன். சில மாதங்களில் சான்றிதழ் வந்தது. வங்கியிலும் ஏற்றுக் கொண்டனர்.

"கார்டியன் ஆயிட்டா நம்ம இஷ்டத்துக்குச் செலவு பண்ணலாம்னு நினைக்காதீங்க" என்றும் அந்த வக்கீல் எச்சரித்திருந்தார். ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்து, கடன் விவரப் பட்டியல் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். தனி நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன்.

எனக்குப் பின் யார் என்ற கவலைதான் தூக்கத்தைக் கெடுத்தது. உறவினரும் மனு செய்யலாம் என்று அறிந்த என் மகள், "உனக்கப்புறம் நான் இருக்கேம்மா. இப்பவே அந்த நோட்டை எனக்குச் சொல்லிக் கொடு" என்றாள். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சகோதரிகளே... மைனர் பிள்ளையின் சொத்தை விற்பது போன்றவற்றுக்குக் கோர்ட் அனுமதி தேவை. அதற்கு வக்கீல் உதவி தேவைப்படலாம். மனநோய் உள்ளவர்களுக்கும் நான் போன வழி பொருந்தாது. எதுவானாலும், யாரிடமும் பணம் கட்டும் முன் சட்ட உதவி ஆபீசுக்குப் போய், "இதுக்கு வக்கீல் வேணுமா?" என்று கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். என் வளையல் கையிலேயே இருக்கிறது!

— ஒரு வாசகி, தஞ்சாவூர்.