கறுப்புக் குட்டியும் பொங்கல் சோறும்

திருவெள்ளறைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, வந்த வழியே ஸ்ரீரங்கம் திரும்பிவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அடுத்த தடவை அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் வடக்கே போய்ப் பாருங்கள். துறையூர் வரும். ஒரு பக்கம் பச்சைமலை. இன்னொரு பக்கம் கொல்லிமலை. நடுவில் கடலைக் காடும் சோளக் காடும் வெங்காயக் காடும். வழியில் கன்னங்கரேலென்று ஒரு செம்மறிக் கூட்டம் உங்கள் வண்டியை மறித்தால் கோபித்துக் கொள்ளாதீர்கள். அதற்குப் பெயரே 'திருச்சி கறுப்பு'. திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சொந்த இனம் அது. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது.

"ஆட்டுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது. சொல்கிறேன்.

கூலிக்குப் போகும் வீட்டில் நாலு குட்டிகள் என்றால் அதுதான் அந்த வீட்டுக்காரியின் பாங்குக் கணக்கு. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவும் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே, குட்டிக்கு என்ன ஆகாரம், எப்போது, எவ்வளவு என்பது அவளுக்கு விளையாட்டு விஷயம் இல்லை.

பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். நோயைத் தடுக்கும் சக்தி குட்டிக்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது. இரண்டு மூன்று வாரம் ஆனதும் தாயைப் பார்த்துத் தானும் தழையைக் கொறிக்கத் தொடங்கும். கொறிக்க விட வேண்டும். ஆட்டின் வயிற்றில் நாலு அறைகள். பிறந்த குட்டிக்கு, அசைபோடும் பெரிய அறை பெயருக்குத்தான் இருக்கும். தழை போகப் போகத்தான் அது வளரும்.

மூன்று மாதத்தில் பால் மறக்கடிப்பார்கள். அதன்பின் ஆறு மாதம் வரை எலும்பும் சதையும் வளரும் பருவம். இப்போது வேண்டியது புரதம். நாம் பிள்ளைகளுக்குப் பருப்பும் பயறும் போடுவதில்லையா? அதைப்போலத்தான். அகத்தி, வேலிமசால், கடலைக்கொடி ஆகியவற்றோடு, கடலைப்பிண்ணாக்கும் தவிடும் மக்காச்சோளமும் கலந்த தீவனம் கொஞ்சம். துளி உப்பும் தாது உப்புக் கலவையும் சேர வேண்டும். நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கு மட்டும் கூடவே கூடாது, அது விஷம்.

பிறகு வருவது, விலைக்கு நிறுத்துவதற்கு முந்திய கடைசி இரண்டு மூன்று மாதம். இப்போது புரதத்தின் பங்கைச் சற்றுக் குறைத்துத் தானியத்தைக் கூட்டுவார்கள். எடை ஏறுவது இப்போதுதான். ஆபத்து வருவதும் இப்போதுதான்! "சீக்கிரம் கொழுக்கட்டுமே" என்று ஆசைப்பட்டு ஒரே நாளில் படி படியாகத் தானியம் வைத்தால் குட்டி தாங்காது. பத்துப் பதினைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

ஏன் என்கிறீர்களா? ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஜீரணம் செய்து கொடுப்பவை, அந்தப் பெரிய அறையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவற்றுக்குப் பழக்கம் தழையும் வைக்கோலும். திடீரென்று மாவுப் பண்டம் குவிந்தால் அது வேகமாகப் புளித்து வயிறு முழுவதும் அமிலமாகிவிடும். நல்ல நுண்ணுயிர்கள் மடியும். ஆடு அசைபோடாது, பல்லைக் கடிக்கும், கழியும், படுத்துவிடும். பிறகு ஓரிரு நாளில் உயிரே போகலாம். தானியம் மிஞ்சினால் துள்ளுமாரி என்ற நோயும் பாயும். கொழு கொழுவென்று இருக்கும் குட்டிதான் அதற்கு முதல் பலி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

சம்பந்தம் என்ன என்று கேட்டீர்களே, இதோ வந்துவிட்டேன். பொங்கலன்று வெண்கலப் பானை நிறையச் சர்க்கரைப் பொங்கல். கல்யாண வீட்டில் அண்டா அண்டாவாகச் சோறு மிச்சம். "பாவம், வாயில்லா ஜீவன்" என்று வாசலில் நிற்கும் பசுவுக்கோ ஆட்டுக்கோ அன்னக்கூடையோடு கவிழ்த்துவிடுகிறோம். நம் மனசில் இருப்பது அன்புதான். ஆனால் வெந்த சோறு, பச்சைத் தானியத்தையும் விட வேகமாகப் புளிக்கும். பொங்கலுக்கு மறுநாள் மாட்டு டாக்டர்களைத் தேடி ஓடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். நாம் புண்ணியம் என்று நினைத்துச் செய்தது, ஒரு குடும்பத்தின் பாங்குக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது!

ஆகையால், மிஞ்சிய சோற்றை மனிதர்களுக்கே கொடுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாழை இலை, கீரைத் தண்டு, காய்கறித் தோல் போதும். அதையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எறியாதீர்கள். பையோடு விழுங்கினால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். அதிகமாகச் சோறு தின்றுவிட்டது என்று தெரிந்தால், படுத்துக்கொள்ளும்வரை காத்திராமல் உடனே மாட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நம் பாட்டிமார்கள் அமாவாசையன்று பசுவுக்குக் கொடுத்தது என்ன? பொங்கல் அல்ல, ஒரு கட்டு அகத்திக்கீரை. அடுத்த தடவை கடைத்தெருவுக்குப் போகும்போது துவாதசிக்கு ஒரு கட்டு வாங்குவீர்கள் அல்லவா? இன்னொரு கட்டும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.