மரப்பட்டறை மேடையும் கடற்காற்றும்

திருவனந்தபுரம் இரு பருவமழைகளையும் பெறும் கடற்கரை நகரம். இங்குள்ள மரப்பட்டறைகளில் இழைப்பு இயந்திரம், வட்ட ரம்பம் ஆகியவற்றின் வார்ப்பிரும்பு மேடைகள் எளிதில் துருப்பிடிக்கின்றன. பலகை வழுக்கிச் செல்லவேண்டிய மேற்பரப்பாதலின் வண்ணம் பூசிக் காத்தல் இயலாது.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைக் கடந்ததும் துரு விரைவுறும். உப்புப் படிந்திருப்பின் அதனினும் குறைந்த ஈரமே போதும். ஆயினும் பெருந்தீங்கு செய்வது, மாலையில் துடைக்காமல் விடப்படும் மரத்தூளே. அது ஈரத்தை ஈர்த்து, இரவு முழுவதும் இரும்பின்மீது தேக்கி வைக்கிறது. எனவே பணி முடிந்ததும் தூளை அகற்றி, பாரபின் மெழுகை மெல்லியதாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் மெருகிடுதல் வேண்டும். கைக்கெட்டும் தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது. நாளடைவில் கெட்டு, அமிலத்தன்மை பெற்று, இரும்பையே அரிக்கும். சிலிக்கோன் கலந்த மெழுகு பட்ட பலகையில் வார்னிஷ் சீராகப் பரவாது.

துரு ஏறியபின் உப்புத்தாளால் அழுத்தித் தேய்ப்போர் உளர். அதனால் மேடையின் சமதளம் குன்றும். அதன்பின் அங்கு இழைக்கப்படும் பலகைகள் இணைப்பில் பொருந்துவதில்லை.