ஓங்கில் ஆராய்ச்சியும் நம் கிழக்குக் கரையும்

மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரையுள்ள கரையில் வைகறைப் பொழுதிலே நின்றால், தோணிகள் கரையேறுவதையும் பாரையும் சூரையும் மணலிற் குவிவதையும் காணலாம். ஆழ்கடல் சென்று மீண்டோரை வினவினால், அலைமேல் எழுந்து சுழன்று விழும் ஓங்கிற் கூட்டங்களைப் பற்றிக் கூறுவர். டொல்பின் என ஆங்கில நூல்கள் கூறுவது இதனையே. தோற்றத்தால் மீன்போலினும் ஓங்கில் மீனன்று. நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டியீன்று பாலூட்டும் விலங்கு.

இவ்வேற்றுமையே அதற்குக் கேடாயிற்று. சூரை திரியும் நீரிலே ஓங்கிலும் இரை தேடும். அங்கு இரவிலே மிதக்கவிடப்படும் நைலோன் வலை மிக நுண்ணியது. ஓங்கில் தன் ஒலியின் எதிரொலி கொண்டு பொருள்களை அறியும் ஆற்றலுடையது. எனினும் மெல்லிய நைலோன் இழை அவ்வாற்றலுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. வலையிற் சிக்கியது நீர்மட்டத்துக்கு வரவியலாது மூச்சுத் திணறி மாளும். சூரை இலட்சக்கணக்கில் முட்டையிடும். ஓங்கிலோ பத்து மாதத்துக்குக் குறையாது கருச்சுமந்து ஒரு குட்டியே ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டு செல்லும். இழப்பை ஈடுசெய்யும் விரைவு அதற்கில்லை.

இறந்த உடலை அளந்து குறித்தலாற் பயனென்ன எனச் சிலர் வினவலாம். கொழும்பு அரும்பொருட்சாலையின் பணிப்பாளராயிருந்த பி. இ. பி. தெரணியகல அவர்கள், 1963 சனவரி 26இல் இரத்மலானைக் கரையிற் கிடைத்த அலகுத் திமிங்கிலமொன்றை ஆராய்ந்து, புதிய இனமென எழுதி, ‘ஹோட்டாவுல’ என்று சிங்களப் பெயரிட்டார். பின்வந்தோர் அதனை ஏற்காது, 1958இல் யப்பானில் விவரிக்கப்பெற்ற இனத்தோடு சேர்த்துவிட்டனர். அவர் எலும்பைப் பேணி வைத்திருந்தமையால், 2014இல் மரபணுச் சோதனை அவர் கூற்றே மெய்யென நிறுவிற்று. நம்முள் விலங்கியல் பயின்று தவளையை அறுத்தோர் இச்செய்தியை மகிழ்ந்து கேட்பர்.

ஓங்கிலின் காவலுக்கு இந்நாட்டில் நெடுங்காலம் உழைத்தவர் அனூக் இலங்ககோன் அம்மையார். எண்பதுகளில் இத்துறையிற் புகுந்த அவர், கரைக்குக் கொண்டுவரப்பட்ட சிறு திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் இனம் பிரித்து, ஆண் பெண் கண்டு, நீளம் அளந்து, பருவந்தோறும் குறித்தார். வலையில் தற்செயலாகப் பட்டது காலப்போக்கில் விலைபோகும் பொருளாயிற்று. தசை சுறாத் தூண்டிலுக்கு இரையாகவும் உதவிற்று. அதன்பின் எறியீட்டியாற் குத்திப் பிடிப்போரும் தோன்றினர். தற்செயலென்று தள்ளிவிடக்கூடிய இழப்பன்று இது என்பதை உணர்த்தியவை இத்தகைய கணக்குகளே. 2002இல் இலங்கைத் திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் பற்றி அவர் ஒரு நூலும் வெளியிட்டார்.

1993இல் சட்டம் திருத்தப்பெற்றுக் கடற்பாலூட்டிகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. வேண்டியதே அது. ஆயினும் எதிர்பாராத இடர் ஒன்று உடன் வந்தது. தண்டனைக்கு அஞ்சிய மீனவர் சிலர் ஓங்கிலை மறைத்து இறக்கினர். சிலர் கடலிலேயே வெட்டினர். முன்பு வெளிப்படையாகக் கிடந்து எண்ணப்பட்டது இப்போது கண்ணுக்குத் தப்பியது. சட்டத்தாற் சாவு எவ்வளவு குறைந்தது, கணக்கு எவ்வளவு குறைந்தது என்று பிரித்தறிதல் அரிதாயிற்று. சட்டம் தவறென்று யான் கூறவில்லை. மீனவரின் நம்பிக்கையின்றி அது அரைவழியே செல்லும் என்பதே என் கருத்து.

நம் கரையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1982 முதல் 1984 வரை ‘துலிப்’ என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர் திருகோணமலைக் கடலிலே திமிங்கிலங்களை ஆராய்ந்தனர். இந்துசமுத்திரம் திமிங்கிலங்களுக்குப் புகலிடமாக 1979இல் அறிவிக்கப்பட்டிருந்தது. கிழக்கிலே இவ்வாறு எழுந்த முயற்சி, போர் மூண்டபின் தொடர வழியற்றுப் போயிற்று. 1997இல் வெளிவந்த அம்மையாரின் கட்டுரை மேற்கு, தென்மேற்கு, தென்கரைகளையே கூறும். கல்முனையும் பொத்துவிலும் அதில் இல்லை. அது அவர் குறையன்று, காலத்தின் குறை.

போர் 2009இல் முடிவுற்றது. எந்த மாதத்தில் ஓங்கில் எத்திசையிற் காணப்படும், எவ்வகை வலையில் எந்த ஆழத்திற் சிக்கும் என்பவற்றை நம் தண்டயல்மார் அறிவர். அவர்களிடம் அபராதச் சீட்டோடன்றிக் குறிப்பேட்டோடு செல்லும் விலங்கியல் மாணவர் ஒருவர் சாய்ந்தமருதிலிருந்தோ காரைதீவிலிருந்தோ புறப்பட வேண்டும். இனம், நீளம், பால், வலை, நாள் என்னும் ஐந்து நிரல்கள் அக்குறிப்பேட்டிற்குப் போதும்.