மணி அடித்த மூன்று கோல்

கார்த்திகை பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயில் காற்றுக்குக் கால் முளைத்துவிடும். வாளையாறு பக்கமிருந்து கிளம்பி, வழியிலுள்ள கரும்பனைகளையெல்லாம் சலசலக்க வைத்துவிட்டு, கஞ்சிக்கோட்டைத் தாண்டிப் புழுதியோடு ஒலவக்கோட்டுக்குள் நுழையும். மலையாளிகள் இதற்கு விருச்சிகக் காற்று என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மார்கழியிலும் இதன் ஆட்டம் ஓய்வதில்லை.

1973-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, வியாழக்கிழமை. அன்று மாலையும் இந்தக் காற்றுதான் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரைமேல் கட்டியிருந்த ஏரியல் கம்பியை ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வால்வு ரேடியோ கரகரத்தது. அப்பா குமிழைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது.

எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் கோப்பையின் இறுதி ஆட்டம். கேரளமும் ரயில்வேயும் மோதின. மாநிலங்களுக்கிடையே நடக்கும் தேசியக் கால்பந்துப் போட்டி இது. 1941-இல் தொடங்கியது. மாநிலங்களோடு ரயில்வே, சர்வீசஸ் அணிகளும் இதில் ஆடுவதுண்டு. ரயில்வே அதற்குள் மூன்று முறை கோப்பையை வென்றிருந்தது. கேரளமோ ஒருமுறைகூட வென்றதில்லை.

வெளியார் பார்வைக்கு இது ஒரு பந்தாட்டம். எங்கள் வீட்டில் அது பெரிய வழக்காகிவிட்டது. காரணம், அப்பா ரயில்வே குட்ஸ் ஆபீசில் கிளார்க்.

"உனக்கு எது ஊர்?"

அந்நாளில் ஒலவக்கோடு டிவிஷன் என்றால் கோயம்புத்தூர், ஈரோடு எல்லாம் அதற்குள் அடக்கம். சேலம் டிவிஷன் பிரிந்தது 2007-இல்தான். ஆகவே காலனியில் பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள். நான் பிறந்தது ஈரோட்டில், நடக்கப் பழகியது போத்தனூரில், அட்சரம் படித்தது ஷொரணூரில். மாற்றல் உத்தரவு வந்தால் அம்மா இரண்டு டிரங்குப் பெட்டியில் சம்சாரத்தை அடக்கிவிடுவாள்.

"நமக்கு ஏதுடா ஊரு? ரயில்வேதான் ஊரு" என்பார் அப்பா. வீட்டு வாடகையிலிருந்து ஆஸ்பத்திரி மருந்துவரை ரயில்வே கொடுத்த காலம். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் பையன்களுக்கு ஊர் வேறு விதமாக அமைகிறது. நான் யாரோடு பம்ப்ளிமாஸ் காயை உதைத்து விளையாடினேனோ, அந்த மலையாளப் பையன்களின் கட்சிதான் என் கட்சி. கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு. ஒரு வாரமாக காலனி மைதானத்தில் சந்தோஷ் கோப்பையைத் தவிர வேறு பேச்சில்லை. கேரள அணியின் தலைவர் பெயர் மணி என்று தெரிந்ததும் எனக்கு இரண்டு மடங்கு உற்சாகம். எங்கள் தெருவிலேயே மூன்று மணி இருந்தார்கள்.

மலையாள வர்ணனையாளர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். மணி கோல் போட்டார் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், நான் எழுந்து குதித்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கோலுக்கும் குதித்தேன். இதற்கிடையே ரயில்வேயும் கோல் போட்டது. அப்போது அப்பா தொடையைத் தட்டிக்கொண்டார். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும்.

"யாரு வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு யாருக்குடா கத்தறே? நாளைக்கே என்னைத் திருச்சிக்கு மாத்தினா நீ மெட்ராஸ் கட்சியா?"

குமிழைத் திருகி ரேடியோவை அணைத்துவிட்டார்.

இதை எழுதும்போதுகூட அந்த 'டக்' சத்தம் கேட்கிறது. அடி வாங்கியிருந்தால் மறந்துபோயிருப்பேன்.

பின்வாசல் வழியாக ஓடினேன். லெவல் கிராசிங் அருகில் சாயாக்கடையில் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. லுங்கி மடித்துக் கட்டிய சுமட்டுத் தொழிலாளிகள், ஆபீசிலிருந்து நேரே வந்தவர்கள், சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றவர்கள். எல்லோர் கண்ணும் பலகைமேல் இருந்த ரேடியோப் பெட்டியில். ரேடியோவில் பார்க்க என்ன இருக்கிறது? இருந்தும் பார்த்தார்கள். நான் யாருடைய முழங்கைக்கு அடியிலோ புகுந்துகொண்டேன். ஆட்டம் முடிந்தபோது கேரளம் 3, ரயில்வே 2. மூன்று கோலும் மணியே போட்டவை. முன்பின் தெரியாத ஒருவர் என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். இருட்டுகிறவரை வீட்டுக்குப் போகத் துணிவில்லை.

விடுமுறையும் வறுவலும்

வெற்றியைக் கொண்டாட, மறுநாள் பொது விடுமுறை என்று முதலமைச்சர் அச்சுத மேனன் அறிவித்தார். இதில் இரண்டு வேடிக்கை. பள்ளிக்கூடம் ஏற்கெனவே லீவு, ஆகையால் பையன்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். ரயில்வேயோ மத்திய அரசு. மாநில விடுமுறை அதைக் கட்டாது. ஜெயித்த ஊர் வீட்டில் இருக்க, தோற்ற அப்பா டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல ஆபீசுக்குப் புறப்பட்டார். அம்மா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

மாலையில் திரும்பியவர் கையில் ஒரு காகிதப் பொட்டலம். நேந்திரங்காய் வறுவல். ஆபீசில் மலையாளி நண்பர்கள் கோப்பையை முன்னிட்டு வாங்கிப் பகிர்ந்திருக்கிறார்கள். அப்பாவின் பங்கை அவர் தின்னவில்லை. பொட்டலத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "உன் கட்சி கொடுத்தது" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான்கு நாள் என்னோடு பேச்சில்லை.

மூணாறில் வேறு கதை

பொங்கலுக்கு மூணாறிலிருந்து அத்தை குடும்பம் வந்தது. அத்தையும் மாமாவும் தேயிலை எஸ்டேட்டில் வேலை. அவர்கள் பக்கம் கால்பந்து என்றால் உயிர். எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் ஃபின்லே கேடயப் போட்டியை விட்டால் அந்த மலைமேல் வேறு என்ன பொழுதுபோக்கு? கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைகளும் கவாத்து வெட்டுகிறவர்களும்தான் ஆட்டக்காரர்கள்.

அத்தான் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் கதையைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. லயத்தில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். மூணாற்று டிசம்பர்க் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் புல்மேல் உறைபனி உப்புக் கொட்டினாற்போல் கிடக்கும். சாக்கையும் கம்பளியையும் போர்த்திக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அந்த வேக மலையாளம் பிடிபடவில்லை. பள்ளியில் மலையாளம் படித்த அத்தான்தான் மொழிபெயர்ப்பாளன். "என்னப்பா சொல்றான்?" என்று கேட்கக் கேட்க, இவன் எடுத்துவிட்டிருக்கிறான். ஸ்டேஷன் மங்கி இரைச்சல் வந்த இடத்தில் சொந்தச் சரக்கையும் சேர்த்திருக்கிறான். "மணி நம்ம மதுரைக்காரரு" என்பது அப்படிச் சேர்த்த சரக்கு.

அங்கே ரயில்வேக்குப் பரிந்து பேச ஆளே இல்லை. எப்படி இருக்கும்? மூணாற்றின் ரயில் 1924 வெள்ளத்தோடு போனது, பிறகு வரவேயில்லை. எனவே ஒட்டுமொத்த லயமும் மதுரை மணியின் பின்னால் நின்று ஜெயித்தது. வருஷக்கணக்கில் அந்த லயத்தில் இதுவே சரித்திரம்.

உண்மை என்னவென்றால், மணியின் பெயர் டி. கே. சுப்பிரமணியன்; கண்ணூர்க்காரர். ஆலுவா ஃபாக்ட் அணிக்கு ஆடியவர். அந்த மாலைக்குப் பிறகு சாகும்வரை 'கேப்டன் மணி'தான். 2017 ஏப்ரலில் காலமானார். ஆனால் அத்தானின் பொய்யில் ஒரு திருகு உண்டு. அந்த அணியில் நம்மவர் ஒருவர் இருக்கத்தான் செய்தார். பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ் தமிழ்நாட்டவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். கேரளத்துக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்த அணியைப் பழக்கியது ஒரு தமிழர் என்பது அன்று லயத்திலும் எட்டவில்லை, சாயாக்கடையிலும் யாரும் சொல்லவில்லை. பயிற்சியாளர் பெயர் யாருக்கு வேண்டும்? தமிழ்நாடோ இந்தக் கோப்பையை ஒருமுறையும் கைப்பற்றியதில்லை. 2012-இல் இறுதி ஆட்டத்தில் சர்வீசஸிடம் 3-2 என்று தோற்றதைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம்.

கோவையில் ஒரு கேள்வி

1973-க்குப் பிறகு கேரளத்துக்குக் கோப்பை எட்டாக்கனியாகவே இருந்தது. 1990-91 போட்டி எங்கள் பாலக்காட்டிலேயே நடந்தது. இறுதியில் மகாராஷ்டிரத்திடம் 1-0. ஊரே இழவு வீடு மாதிரி இருந்தது. அடுத்த ஆண்டுப் போட்டி கணவாய்க்கு அந்தப் பக்கம், கோவையில். வி. பி. சத்யன் தலைவர். 1973 அணியில் ஆடிய டி. ஏ. ஜாபர் பயிற்சியாளர்.

அதற்குள் அப்பா ரிட்டயராகி, எங்கும் போகாமல் ஒலவக்கோட்டிலேயே சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தார். "கோயம்புத்தூர்ல மேட்ச் இருக்காமே" என்று அவரே பேச்சை எடுத்தார். ரயில்வே பாஸ் இருக்கும்போது டிக்கெட் எதற்கு என்று என்னையும் கிளப்பினார். எனக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். வாளையாறு தாண்டும்போது பெட்டி முழுக்க மலையாளக் கூச்சல்.

நேரு ஸ்டேடியத்தில் கேரளம் கோவாவை 3-0 என்று வென்றது. ஆட்டத்துக்கு நடுவே அப்பாவைக் கவனித்தேன். எழுந்து குதிக்கிற வயதில்லை. ஒவ்வொரு கோலுக்கும் தொடையைத் தட்டிக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் வியப்போடு விசாரித்தார்: "ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?"

அப்பா மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒலவக்கோடு" என்றார்.